கிரிம்ஷா வீசிய ஆறு பந்துகள்

இது சிரிக்க வைக்கும் கதைதான். ஆனால் கொஞ்சம் பொறுங்கள். இப்போதைக்கு வில்ஃபுக்குச் சிரிப்பு வராது.

இங்கிலாந்தின் வடக்கே ஒரு மில் ஊர். வருஷம் 1908. ஒன்பது குளிர்காலம் வில்ஃப் அங்கே கால்பந்து ஆடினான். மழையில் ஊறிக் கல்லாய்க் கனக்கும் பந்தைத் தலையால் முட்டிக் கோல் போடுவான். கோடை வந்தால் கவுண்டி என்னும் மாவட்ட அணிக்குக் கிரிக்கெட்.

இந்த வசந்தத்தில் வைத்தியர் அவன் முழங்காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, கால்பந்து போதும் என்று சொல்லிவிட்டார். மிச்சம் கிரிக்கெட். அதுவும் போனால், அப்பாவை விழுங்கிய அதே நிலக்கரிச் சுரங்கம்.

நாளைய ஆட்டத்தில் எதிரணியின் வேகப் பந்துவீச்சாளன் கிரிம்ஷா. போன வருஷம் பந்தாலேயே வில்ஃபின் தாடையைப் பெயர்த்தவன். அன்றிலிருந்து யார் வேகமாக ஓடிவந்து பந்து போட்டாலும் வில்ஃபின் கால் தானாக விலகிவிடும். நாளையும் விலகினால் அணியில் இடமில்லை என்று கேப்டன் சொல்லியாயிற்று.

அவனுக்கு மட்டை பிடிக்கச் சொல்லிக்கொடுத்த ஜோப்லிங்கிடம் போனான்.

"ஐயா, இந்தப் பயத்தை என்ன செய்யறது?"

ஜோப்லிங் ஒரு சேதி சொன்னார். கிரிம்ஷா இன்றைக்கே வந்திறங்கிவிட்டானாம். கெஞ்சிக் கூத்தாடி ஒரு ஓவர் போடச் சம்மதிக்க வைத்திருக்கிறாராம். மட்டையை எடுத்துக்கொண்டு வா என்றார்.

பயிற்சி வலைக்குப் போனால், பாதித் தூரத்தில் குறுக்கே ஒரு கித்தான் திரை. நடுவே சன்னல் அளவு ஓட்டை. பந்து அது வழியாகத்தான் வரும், ஆளைப் பார்த்துப் பயப்படுகிறவன் பந்தை மட்டும் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டு ஜோப்லிங் திரைக்குப் பின்னால் போனார்.

இருமல் கேட்டது. ஓடத் தொடங்குமுன் கிரிம்ஷா இருமும் அதே வறட்டு இருமல்.

"தாடை ஒட்டிக்கிச்சாடா? அந்தப் பக்கத்தையும் காட்டு."

அதே கரகரத்த குரல்.

பூட்ஸ் தடதடத்தது. சத்தம் ஏறிக்கொண்டே வந்தது. திரைக்குப் பின்னால் 'ஹும்' என்று ஒரு முக்கல். வில்ஃப் கண்ணை இறுக மூடிக்கொண்டு பக்கவாட்டில் தாவினான்.

"ஒண்ணு," என்றார் ஜோப்லிங்.

மறுபடி இருமல். மறுபடி தடதட. மறுபடி மூடிய கண். ஆறு முடிவதற்குள் வில்ஃபின் சட்டை பிழிகிற அளவுக்கு நனைந்துவிட்டது.

ஜோப்லிங் வெளியே வந்து, ஒவ்வொரு பந்தும் எப்படி என்று விசாரித்தார்.

"முதல் பந்து வெளியே போயிடுச்சுங்க. நாலாவது காதை உரசிட்டுப் போச்சு, காத்தே சுட்டுது. ஆறாவதுதான் இங்கே." விலாவைத் தடவிக் காட்டினான். "எலும்பு விட்டுடுச்சோ என்னமோ."

ஜோப்லிங் ரொம்பவும் வருத்தப்பட்டார். போய்ப் பந்துகளைப் பொறுக்கிவரச் சொன்னார்.

வலையின் அடியில் தேடினான். புல்லை விலக்கிப் பார்த்தான். ஒன்றும் அகப்படவில்லை. ஸ்டம்புகள் நட்டது நட்டபடி நின்றன. ஈர மண்ணில் பந்து குத்திய தடம் ஒன்றுகூட இல்லை.

மெதுவாக நடந்துபோய்த் திரையைத் தூக்கினான். யாருமில்லை. ஒரே இடத்தில் மிதித்து மிதித்துப் புல் சேறாகிக் கிடந்தது.

திரும்பினான். ஜோப்லிங்கின் பூட்ஸெல்லாம் சேறு. அவர் தொண்டையிலிருந்து அந்த வறட்டு இருமல் ஒரு தடவை வந்தது.

வில்ஃப் கேட்டான்: "பந்து எங்கே ஐயா?"

ஜோப்லிங் கோட்டுப் பையிலிருந்து எடுத்தார். சிவப்பு, மெருகுகூடக் கலையவில்லை.

"ஒண்ணுதான் கொண்டாந்தேன். நீ கண்ணைத் திறந்ததும் போடலாம்னு இருக்கேன்."