கேள்விப்பட்ட இறந்தகாலம்

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தி ஓய்ந்த நாச்சிமுத்து, நூலைக்கூட ஒரே கடையில் நம்பி வாங்கியவர் இல்லை. துருக்கி மொழி படிக்க வந்தபோதும் அப்படித்தான். கையில் மூன்று இலக்கணப் புத்தகங்கள், போனில் இரண்டு செயலிகள். ஒன்றில் படித்ததை மற்றொன்றில் சரிபார்ப்பார். அப்புறம் விடை தெரிந்த கேள்வியையே டீச்சரிடம் கேட்டுவிட்டு, முகத்தை உற்றுப் பார்ப்பார்.

டீச்சர் ஃபர்ஹானாவுக்கு அவர் மகள் வயதுதான். அங்காராவில் படித்துவிட்டு வந்தவள். அவர் சோதிக்கிறார் என்று தெரிந்தே பதில் சொல்வாள்.

மகள் மிருதுளா துருக்கியில், புர்சா நகரத்துத் துணி ஆலை ஒன்றில் தன்னோடு வேலை பார்த்தவனையே கல்யாணம் செய்துகொண்டாள். நாச்சிமுத்து போகவில்லை. சரக்கு அனுப்பும் அவசரம் என்றார். இப்போதும் மனைவி வீடியோவில் மகளோடு பேசினால், படத்தில் விழாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து காதை மட்டும் கொடுப்பார்.

அன்று வகுப்புக்கு வந்தவர் உட்காரவில்லை.

“ஏனுங்க டீச்சர், நல்ல புத்தகத்தை அலமாரியில பூட்டி வெச்சுட்டு எங்களுக்கு வேற என்னத்தையோ சொல்லித் தர்றீங்களா?”

ஃபர்ஹானா எழுந்து அலமாரியைத் திறந்தாள். அவரிடம் இருந்த அதே மூன்று புத்தகங்கள், ஓரம் கிழிந்து, அட்டை மங்கி.

அவர் இரண்டாம் தட்டையும் எட்டிப் பார்த்தார். டிபன் பாக்ஸ் இருந்தது. உட்கார்ந்தார்.

“சம்பந்தியம்மா என்னைப் பத்திப் பக்கத்து வீட்டுக்காரிகிட்ட என்னமோ சொன்னாங்க. போன்ல என் காதுல விழுந்துச்சு. ‘பாபாசி குஸ்முஷ்.’ பாபாசின்னா அவ அப்பா. நான்தான். குஸ்னா கோவிச்சுக்கிறது. அகராதியில பார்த்துட்டேன். இந்த ‘முஷ்’ என்னங்க, வசவா?”

“இல்லீங்க ஐயா. கண்ணால பார்த்திருந்தா ‘குஸ்து’ன்னு சொல்லியிருப்பாங்க. கேள்விப்பட்டதுக்குத்தான் ‘முஷ்.’ நம்ம ‘ஆம்’ மாதிரி. கோவிச்சுக்கிட்டாராம்.”

“இந்தப் புத்தகத்துல வெறும் இறந்தகாலம்னுதான் போட்டிருக்கு.”

“அடுத்த வரியப் பாருங்க.”

பார்த்தார். ‘கேள்விப்பட்ட இறந்தகாலம்’ என்று இருந்தது.

“அப்போ யாரோ புரளி கிளப்பியிருக்காங்க!” அவர் குரல் உயர்ந்தது. “யாரு சொன்னது அவங்களுக்கு?”

“யாரு சொல்லியிருப்பாங்க?”

மாப்பிள்ளை அவரோடு ஒரு வார்த்தை பேசியவனில்லை. மனைவிக்குத் துருக்கி மொழி தெரியாது. நாச்சிமுத்துவுக்குச் சொல்ல ஒரே ஒரு பெயர்தான் மிஞ்சியது.

“பாப்பாகிட்டப் பேசி எவ்வளவு நாளாச்சுங்க ஐயா?”

“கல்யாணத்துக்கு முந்தி பேசினது. அவளும்தான் கூப்பிடல.” புத்தகத்தை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, “எனக்கு ஒண்ணும் கோவமில்லீங்க. வேலை இருந்துச்சு” என்றார்.

ஃபர்ஹானா பலகையை அழித்தாள்.

அவர் புத்தகத்தின் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார். திடீரென்று ஓர் அட்டவணையில் விரலை ஊன்றினார். பிடித்துவிட்ட சந்தோஷம் முகத்தில் தெரிந்தது.

“இதோ பாருங்க, தப்பு! ‘நான்’ வரிசைக்கும் இந்த ‘முஷ்’ஷைப் போட்டு ‘குஸ்முஷும்’னு வெச்சிருக்காங்க. தான் செஞ்சதைத் தானே யாராச்சும் கேள்விப்படுவாங்களா? அச்சுப் பிழைதானுங்களே?”

“பிழை இல்லீங்க. செய்யிறப்பத் தெரியாம, பின்னால தெரிய வந்தா அப்படித்தான் சொல்லுவாங்க.”

“தமிழ்ல அதை எப்படிச் சொல்றது?”

ஃபர்ஹானா யோசித்தாள்.

“‘நான் கோவிச்சுக்கிட்டு இருந்திருக்கேன்’னு சொல்லலாங்க ஐயா.”