பாம்பு முகம் பார்க்கக் கற்ற கதை

ஊர்வனவும் பறப்பனவும் மனிதரோடு பேசித் திரிந்த காலம் ஒன்று இருந்தது. அப்போது எந்தப் பாம்புக்கும் படம் கிடையாது. கழுத்தும் வயிறும் ஒரே கனமாகக் கயிறு போல இருக்கும். தலையைத் தூக்கி மேலே பார்க்கிற பழக்கமும் பாம்புகளுக்கு இல்லை.

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் சடைச்சி என்று ஒருத்தி இருந்தாள். கணவன் இறந்த பிறகு தனியாகவே சோளக்காட்டை உழுது விதைத்து வந்தவள். ஒரு வருஷம் அவள் வீட்டில் எலி பெருத்துப்போனது. விதைச்சோளம் வைத்திருந்த மண் குதிரின் அடியைக் குடைந்து எலிகள் தின்னத் தொடங்கின. விதை போனால் அடுத்த வருஷம் சோறு இல்லை. அவள் கவலையோடு ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தபோது, மழைக்கு ஒதுங்கி ஒரு பாம்பு உள்ளே வந்தது. வந்த வேகத்தில் ஒரு எலியைப் பிடித்து விழுங்கியது. அதைப் பார்த்த சடைச்சி தடியைத் தேடவில்லை. எலி உனக்கு, விதை எனக்கு, இங்கேயே இருந்துகொள் என்றாள். பாம்பும் சரி என்றது.

எலி குறைந்தது. ஆனால் பாம்பின் குணம் பொல்லாததாக இருந்தது. முறம் சரிந்து விழுந்தால் முறத்தைக் கடிக்கும். விளக்குமாறு அசைந்தால் அதையும் கடிக்கும். ஒருநாள் சடைச்சி குடத்தோடு உள்ளே நுழைந்தபோது அவள் சேலையைக் கவ்வியது. துணியில் விஷம் மஞ்சளாக இறங்கியது. அவள் சேலையை அலசிக் காயப்போட்டுவிட்டு, மறுபடியும் அதே வழியாகத்தான் உள்ளே போனாள்.

பக்கத்து வீட்டில் அவள் கணவனின் தம்பி மொக்கையன் இருந்தான். அவனுடைய சினை ஆடு ஒன்று, சிந்திக் கிடந்த சோளத்தைத் தின்ன உள்ளே வந்தது. பாம்பு அதைக் கடித்துவிட்டது. ஆடு வாசலைத் தாண்டவில்லை. சடைச்சி தன் ஆட்டை அவிழ்த்துக் கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டான், ஆனால் சமாதானம் ஆகவில்லை.

"இன்னைக்கு ஆடு. நாளைக்கு என் மகள் தவழ்ந்து வருவா, மதினி. நீங்க அதைக் கொல்லலேன்னா நான் கொல்லுவேன்."

அவன் சொன்னதில் தப்பில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. விதைப்பு வரைக்கும் பொறுக்கச் சொன்னாள். அதற்குள் அதைப் பழக்கிவிடுவேன் என்று உறுதியாகச் சொன்னாள். பல்லைப் பிடுங்கிவிடு என்று ஊரில் சிலர் யோசனை சொன்னார்கள். பல் போனால் எலியை எப்படிப் பிடிக்கும் என்று கேட்டுவிட்டு, குதிர் முன்னால் போய் உட்கார்ந்தாள். ஏன் இப்படிக் கண்டதையெல்லாம் கடிக்கிறாய் என்று பாம்பிடமே கேட்டாள்.

பாம்பு தலையைத் தூக்காமலே சொன்னது:

"எனக்கு நீங்க எல்லாரும் வெறும் கால்தான். அதுக்கு மேலே என்ன இருக்குன்னு நான் பார்த்ததில்லை. கால் வந்தா மிதிக்கும். அதான் முந்திக்கிறேன்."

சடைச்சி அதைத் திமிர் என்று நினைத்திருந்தாள். பயம்தான் என்று தெரிந்ததும் அவளுக்குத் தெம்பு வந்தது. மிரளும் காளைகளை ஏரில் பூட்டிப் பழக்கியவள் அவள். பயத்தைப் போக்க அவளுக்குத் தெரியும்.

மறுநாள் உரலின் விளிம்பில் ஒரு முட்டையை வைத்து, உரலுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். முட்டை வேண்டுமானால் பாம்பு எழும்ப வேண்டும். எழும்பினால் அவள் முகம் எதிரே இருக்கும். பாம்பு முதலில் எழும்பிச் சரிந்து விழுந்தது. இன்னொரு முறை அவள் கண் சிமிட்டியதற்கே மிரண்டு உரலைக் கடித்து, வாய் நொந்து குதிருக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டது. அவள் விடவில்லை. தினமும் வாசலில் காலைத் தட்டி, நான்தான் என்று சொல்லிவிட்டே உள்ளே வந்தாள். நாளாக ஆக, தரை அதிர்ந்தால் பாம்பு எழுந்து நின்று அவள் முகத்தைத் தேடத் தொடங்கியது.

"கடிக்கத் தோணுச்சுன்னா முதல்ல எழுந்து முகத்தைப் பாரு," என்றாள் சடைச்சி. "அப்புறம் கடிக்கிறதா வேண்டாமான்னு நீயே முடிவு பண்ணு."

மழை பெய்து விதைப்பு வந்தது. சடைச்சி விதைக்கூடையோடு காட்டுக்குப் போயிருந்த நேரம், மொக்கையனின் மகள் தவழ்ந்து தவழ்ந்து அவள் வீட்டுக்குள் போய்விட்டாள். குழந்தையைக் காணாமல் தேடிய மொக்கையன், மகள் குதிரடியில் உட்கார்ந்து சோளம் பொறுக்குவதைக் கண்டு தடியோடு உள்ளே ஓடினான். அவன் ஓடிய அதிர்வில் தரை குலுங்கியது. பாம்பு குதிருக்குப் பின்னாலிருந்து பாய்ந்தது.

கடி அதன் வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் பழகிய பழக்கத்தில் அது எழுந்து நின்றது. பக்கத்தில் குழந்தையின் முகம் இருந்தது. அதற்கு மேலே, ஓங்கிய தடிக்குக் கீழே, மொக்கையனின் முகம் வெளுத்துப்போயிருந்தது. தன்னிடம் இருக்கும் பயம்தான் அந்த முகத்திலும் இருப்பதைப் பாம்பு பார்த்தது. வந்த கடியை அப்படியே உள்ளே விழுங்கியது. எலியை விழுங்குவது போல அது எளிதாக இல்லை. கடி தொண்டையில் சிக்கி, கழுத்து இருபுறமும் விரிந்தது. மூச்சு சீறலாக வெளியே வந்தது.

மொக்கையனின் தடி அந்தரத்தில் நின்றது. அடி தவறினால் குழந்தை போய்விடும்.

"பிள்ளையைத் தூக்கிக்கிட்டுப் போ," என்றது பாம்பு. "நான் கடிக்க மாட்டேன்."

அவன் தடியைக் கீழே வைத்தான். மெல்லக் குனிந்து மகளைத் தூக்கிக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்து வாசலைத் தாண்டினான். அதுவரைக்கும் பாம்பு அசையாமல் நின்றது.

சடைச்சி திரும்பி வந்தபோது அவன் மகளை மடியில் வைத்துக்கொண்டு அவள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். நடந்ததைச் சொன்னான். கடைசியில், "அது நல்ல பாம்பு, மதினி," என்றான்.

அவள் காலைத் தட்டிவிட்டு உள்ளே போனாள். பாம்பு எழுந்து நின்றது. விரிந்த கழுத்தைப் பார்த்து வலிக்கிறதா என்று கேட்டாள். கொஞ்சம் வலிக்கிறது என்றது பாம்பு. அவள் அதன் எதிரே உட்கார்ந்து வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். அந்த வருஷம் சோளம் நன்றாக விளைந்தது.

மொக்கையன் வாயிலிருந்து வந்த பேர்தான் அந்தப் பாம்புக்கும் அதன் வம்சத்துக்கும் நிலைத்தது. அன்றைக்கு அது விழுங்கிய கடிதான் இன்றும் நல்ல பாம்பின் கழுத்தில் படமாக விரிகிறது. நாம் எதிர்ப்பட்டால் அது எழுந்து நின்று, சீறி, நம் முகத்தைப் பார்த்து, நாம் விலகிப் போக ஒரு கணம் கொடுக்கிறது.