ஓடும் ஆள்

மாதங்கி பூதம் வரைகிறவர். சிறுவர் கதைப் புத்தகங்களில் மலையைப் பெயர்க்கும் பூதமும் ஏரியைக் குடிக்கும் பூதமும் அவர் கையில் பிறந்தவைதான். இருளப்பன் அவருடைய சீடர். குருவைவிட மூத்தவர். கடைகளுக்குப் போர்டு எழுதிக்கொண்டிருந்து, தலை நரைத்த பிறகு வந்து சேர்ந்தவர்.

மாதங்கியிடம் ஒரு வழக்கம் உண்டு. பூதத்தை முதலில் வரைய மாட்டார். தாளின் கீழ்மூலையில், உயிருக்குப் பயந்து ஓடும் ஓர் ஆளை வரைவார். அந்த ஆளை வைத்துத்தான் பூதம் எவ்வளவு பெரியது என்று தெரியும். யார் வரைகிறாரோ அவர் முகம்தான் அந்த ஆளுக்கு. மாதங்கியின் படங்களில் எல்லாம் மாதங்கிதான் ஓடிக்கொண்டிருப்பார்.

பாணி மாறிக்கொண்டே வந்தது. முதலில் மயிர் மயிராக இழுத்த மைக்கோடு. பிறகு எண்ணெய் பூசினாற்போலப் பளபளக்கும் சதை. கம்ப்யூட்டர் வந்ததும் கொம்பு மழுங்கி, கண் பெருத்து, பூதம் கைக்குழந்தை மாதிரி ஆனது. மாதங்கி எல்லாவற்றையும் முணுமுணுக்காமல் கற்றுக்கொண்டார். மூலையில் ஆள் மட்டும் ஓடுவதை நிறுத்தவில்லை.

மாதங்கி வரைந்த பழைய புத்தகம் ஒன்றுக்குப் பதிப்பகத்தார் புதுப் படம் கேட்டார்கள். மாதங்கியைக் கேட்கவில்லை, இருளப்பனைக் கேட்டார்கள். அட்டையில் அவர் பெயர் வரப்போகும் முதல் புத்தகம். இதை விட்டால் இந்த வயதில் இன்னொன்று எங்கே வரும் என்று அவருக்குப் பயம். வரைந்துவிட்டார். காட்டாமல் கொடுக்க மனம் வரவில்லை. படத்தைச் சுருட்டிக்கொண்டு குருவிடம் வந்தார்.

மாதங்கி பிரித்துப் பார்த்தார். நீலப் பூதம். வாய் நிறையச் சிரிப்பு.

நன்றாக வந்திருக்கிறது, ஸ்கூல் பையில் அச்சடித்தால் பிள்ளைகள் விடமாட்டார்கள் என்றார். அது பாராட்டா குத்தலா என்று இருளப்பனுக்குத் தெரியவில்லை.

மாதங்கியின் கண் கீழ்மூலைக்குப் போனது. அங்கே புல் முளைத்திருந்தது.

"ஆள் எங்கே?"

"எடுத்துவிடச் சொன்னார்கள் அம்மா. யாராவது ஓடினால் பூதம் கெட்டதாகத் தெரிகிறதாம்."

"உங்கள் முகத்தை வைத்தாவது கேட்டுப் பார்த்தீர்களா?"

"கேட்டேன். எந்த முகமும் வேண்டாமாம்."

மாதங்கி அந்தப் புல்லை விரலால் தடவிப் பார்த்தார். இருளப்பனால் அதைத் தாங்க முடியவில்லை.

"உங்களை நான் அழித்துவிட்டேன் அம்மா. தப்பென்றால் சொல்லுங்கள், இங்கேயே கிழித்துப் போடுகிறேன்."

மாதங்கி பென்சிலை எடுத்தார். ஆளைத் திரும்ப வரையப் போகிறார் என்று இருளப்பன் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பென்சில் மூலைக்குப் போகவில்லை. பூதத்தின் வயிற்றைச் சுற்றி ஒரு கோடு போட்டு, அதைக் கொஞ்சம் பெரிதாக்கியது.

"நீங்கள் எங்கே அழித்தீர்கள்? இத்தனை வருஷமாக இது என்னைத் துரத்திக்கொண்டிருந்தது. தின்று முடித்துவிட்டுச் சிரிக்கிறது. கொண்டுபோய்க் கொடுங்கள், அதற்கு மறுபடி பசி எடுப்பதற்குள்."