பாட்டெடுக்க ஒருத்தி

மணல்மேட்டுக்கு இந்தப் பக்கமே பாட்டு கேட்டது. பாட்டு என்று சொல்லக் கொஞ்சம் தைரியம் வேண்டும். ஆளுக்கொரு சுருதி. முன்னால் போகிற குரலோ மேடேற முடியாத பழைய லாரிபோல முக்கியது.

முபிதா நின்றுவிட்டார். தாய்ச்சபையா இப்படிப் பாடுகிறது?

ஜாம்பியாவின் மேற்கே, ஆற்றங்கரை ஊர்களில் அதற்கு வெறுந்தொண்டைச் சபை என்று பெயர். மேளம் கிடையாது, கீபோர்டு கிடையாது. ஒருவர் பாட்டெடுப்பார், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். ஓர் ஊரில் புதிதாகச் சபை முளைத்தால், பக்கத்துச் சபை தன்னிடம் பாட்டெடுக்கிறவரைக் கொடுத்தனுப்ப வேண்டும். அதுவும் இருப்பதில் நல்ல குரலாக. அப்படித்தான் ஆற்றின் இரு கரையிலும் சபை பெருகிற்று.

இப்போது ஒரு புது ஊர்ச் சபைக்காகப் போதகர் முபிதாவிடம் ஆள் கேட்டு வந்திருந்தார்கள். அவரிடம் இருந்தது இனோங்கே ஒருத்திதான்.

ஆராதனை முடிந்து, தாய்ச்சபையின் போதகரம்மா சிபேசோ கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். முபிதாவைவிட வயதில் இளையவர். ஆனால் லாரி ஓட்டிக்கொண்டிருந்த முபிதாவுக்கு வேதம் சொல்லிக்கொடுத்து ஊழியத்துக்கு அனுப்பியவர் அவர்தான்.

"வாங்கண்ணே. பாட்டு கேட்டுச்சா?"

"கேட்டுச்சு, போதகரம்மா. யார் எடுத்தது?"

"நான்தான்."

முபிதா செருப்பிலிருந்த மணலைத் தட்டினார்.

"சிரிக்கணும்னா சிரிச்சிடுங்க. வாசல்ல படுத்திருந்த ஆடுகூட எந்திரிச்சுப் போயிருச்சு."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "இனோங்கேயை என்னால அனுப்ப முடியாது. சிதாலியை அனுப்புறேன்."

"சிதாலியா? அவர் ஆமென் சொன்னாலே சுருதி விலகுமே."

"புது ஊர்தானே. யாருக்குத் தெரியப்போகுது?"

சிபேசோவின் கத்தி நின்றது.

"கோபப்பட்டாலும் சரி. எங்க தெருமுனையில ஸ்பீக்கர் கட்டி இன்னொரு சபை வந்திருக்கு. இவ குரலுக்காகத்தான் நாலு பேர் என்கிட்ட உட்கார்ந்திருக்காங்க. இவளும் போனா கதவைச் சாத்திட்டு மறுபடி லாரிக்குத்தான் போகணும். கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போச்சும்மா. ஊரெல்லாம் சபை வளருது, என் சபை தேயுது."

"இனோங்கேக்குப் பாட யார் சொல்லிக்கொடுத்தது?"

"யாரும் இல்ல. கருவாடு விக்கிறவ. கடைசி பெஞ்சுல உட்காருவா, வாயே திறக்கமாட்டா."

"பிறகு?"

"முன்னே பாட்டெடுத்த லிசேலியை அக்கரைக்கு அனுப்பினோம்ல, அதுக்கு அடுத்த ஞாயிறு. பாட்டு நம்பரைச் சொல்லிட்டு நிக்கிறேன், எடுக்க ஆளில்ல. எல்லாரும் தரையைப் பார்க்கிறாங்க. இருமல் சத்தம்தான் கேக்குது. எனக்கு வேர்த்துப்போச்சு. இன்னியோட முடிஞ்சுதுன்னு நினைச்சேன். அப்போதான் பின்னாலேர்ந்து இவ குரல்..."

முபிதா பேச்சை நிறுத்திக்கொண்டார்.

ஒரு கோழி வந்து கிழங்குத் தோலைக் கிளறியது. சிபேசோ அதை விரட்டவில்லை.

"அப்போ, இவ போனா இன்னொருத்தி எந்திரிப்பாங்கிறீங்க" என்றார் முபிதா. குரலில் நம்பிக்கை இல்லை.

"நான் அப்படிச் சொல்லலண்ணே. எந்திரிக்காமலும் போகலாம். இங்க பாட்டெடுத்த ஆளைக் கொடுத்தனுப்பிட்டு நாங்க இன்னும் காத்துக்கிட்டுத்தான் இருக்கோம். அதுவரைக்கும் நான் எடுக்கிறேன்."

முபிதா செருப்பை மாட்டிக்கொண்டார்.

"இனோங்கேக்குப் படகுன்னா பயம்" என்றார் கடைசியில். "கூப்பிட வர்றவங்களைத் தரைவழியா கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க."

"சொல்றேன்."

சிபேசோ அடுத்த கிழங்கை எடுத்தார்.