பள்ளிக்கூட வாசலில் வேப்பிலை

பேச்சியம்மாள் தீப்பெட்டி ஆபீஸில் கூலி வேலை பார்ப்பவள். மகள் பூங்கனிக்கு அம்மை போட்டிருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் போய்ச் சொன்னாள். ஹெட்மாஸ்டர் சோமநாதன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"நாளைக்குப் பெரிய அதிகாரி வர்றார். ஒரு பிள்ளை குறையக் கூடாது. தூக்கிட்டு வந்தாவது உட்கார வை. இல்லேன்னா பேரை அடிச்சிருவேன்."

"சரிங்க சார். அம்மனுக்கு உண்டான மரியாதையைச் செஞ்சிட்டுக் கூட்டியாறேன்."

மறுநாள் காலையில் அவள் மட்டும் வந்து, பள்ளிக்கூட வாசலில் கொத்துக் கொத்தாக வேப்பிலை கட்டினாள். அவ்வளவுதான்! பிள்ளைகளைக் கூட்டிவந்த ஊரே செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி வெயிலில் நின்றது. ஒருவரும் உள்ளே போகவில்லை. ஜீப்பில் வந்த அதிகாரியும் தன்னையறியாமல் ஷூவைக் கழற்றினார்.

"உள்ளே யாருக்கும்மா அம்மை?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"இன்னும் யாருக்கும் இல்லீங்கய்யா. அம்மை போட்ட எம்பிள்ளையைக் கூட்டியாரச் சொல்லி சார் உத்தரவு. அவ வந்து உட்கார்ந்தா, எல்லார் வீட்டு வாசல்லயும் வேப்பிலை கட்ட வேண்டியிருக்கும். அதான் மொத்தமா இங்கேயே கட்டிட்டேன்."

காலிப் பள்ளிக்கூடத்திலிருந்து ஹெட்மாஸ்டர் மெல்ல வெளியே வந்தார். அவர் காலிலும் செருப்பு இல்லை.