பட்டறைத் தரையில் மாதையன்

சங்ககிரி சாலையில் லாரிகளுக்குப் பெயிண்ட் அடித்துவந்த பொன்னுரங்கம், அறுபதைத் தாண்டிய பிறகு தனக்கொரு குருவைத் தேடிக்கொண்டார். குரு வஞ்சியம்மாளுக்கு நாற்பது வயதுதான் இருக்கும். சீடர் குருவை ‘அம்மா’ என்பார். குரு சீடரை ‘அண்ணா’ என்பார். கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரிக்கிற வாய்க்குப் பூட்டா போட முடியும்?

அந்த ஆடிக் காற்றில் அம்மாவின் கொட்டகைக் கூரை பறந்துபோனது. வெள்ளிக்கிழமைகளில் வந்து கண்மூடி உட்காருகிறவர்களுக்கு இடமில்லாமல் போயிற்று. பூட்டிக் கிடக்கும் தன் பட்டறையைத் தருவதாகப் பொன்னுரங்கம் முந்திக்கொண்டு சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அவருக்குப் பட்டறைத் தரை நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலையில் அம்மா வந்து பார்த்தார். சிமெண்டுத் தரை முழுக்கப் பெயிண்ட். வண்டியில் ஒட்டாமல் காற்றில் பறந்ததெல்லாம் நீலமும் மஞ்சளும் சிவப்புமாகத் தரையில் படிந்து, அங்கங்கே தோலாக உரிந்துகொண்டிருந்தது. அம்மா கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழுந்தார். சேலையெல்லாம் செதில்.

“இதைச் சுரண்டி எடுத்துடலாமாண்ணா?”

“மேல பாய் விரிச்சுக்கலாமுங்கம்மா.”

“ஏன்?”

பொன்னுரங்கம் உரிந்து நின்ற ஒரு செதிலை விரலால் அழுத்தி ஒட்டப் பார்த்தார்.

“இது மாதையனுங்க.”

மாதையன் அவருடைய கூட்டாளி. இருவரும் சேர்ந்துதான் பட்டறையைத் தொடங்கினார்கள். மாதையனுக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. சாம்பலைக் கூடுதுறையில் கரைத்தாயிற்று. ஒரு போட்டோகூட இல்லை. கேமராவைக் கண்டால் லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிற ஆள்.

“நாங்க அடிச்ச வண்டியெல்லாம் பழைய இரும்புக்குப் போயிருச்சுங்க. மிச்சம் இந்தத் தரைதான். இதையும் சுரண்டிட்டா அப்படியொருத்தன் இருந்தான்னு காட்ட ஒண்ணுமே இல்லீங்க.”

அம்மா செதிலின் மேலேயே மறுபடி உட்கார்ந்தார்.

“ரெண்டு பேரும் எப்படி வேலை செய்வீங்க? காலையில இருந்து சொல்லுங்க.”

அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது.

“அவன்தானுங்க முதல்ல வருவான். டீகூடக் குடிக்க மாட்டான். ரெண்டு பக்கெட் தண்ணியத் தரை பூரா தெளிப்பான். புழுதி கிளம்பி ஈரப் பெயிண்ட்ல ஒட்டக் கூடாதில்லீங்களா? ‘என்னடா, வாசல் தெளிச்சாச்சு, கோலம் எங்கே’ன்னு கேப்பனுங்க. ‘மேல நீ கோலம் போடு, கீழ நான் பாத்துக்கறேன்’பான்.”

சொல்லிவிட்டுத் தானே சிரித்தார்.

“மத்தியானம் காஞ்சு போச்சுன்னா இன்னொருக்கா தெளிப்பான். சாயங்காலம் சீமாத்த எடுத்துட்டு வந்து, ஈரத்து மேல விழுந்த பெயிண்ட் எல்லாத்தையும் வழிச்சு வெளிய தள்ளுவான். அப்புறம் சீமெண்ணெயில கை கழுவிட்டு ஆளுக்கு ரெண்டு போண்டா. எத்தனை கழுவினாலும் போண்டால சீமெண்ணெய் வாசம்தானுங்க. இன்னைக்கும் போண்டா வாங்கினா அந்த வாசம் இல்லியேன்னு இருக்குது.”

அவர் கண் கலங்கியது.

“அவர் போன பிறகு?”

“மூணு வருசம் தனியா ஓட்டுனனுங்க. தண்ணி தெளிக்க மட்டும் மனசே வரலீங்க. அது அவன் வேலை. அப்புறம் முடியாம மூடிட்டேன்.”

அம்மா எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டார்.

“ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் எடுங்கண்ணா. நான் உட்காரணும். மிச்சத்தைத் தொட வேண்டாம்.”

“எந்த இடத்துலீங்க?”

“அவர் எங்கே நிப்பாரோ அங்கே.”

பொன்னுரங்கத்துக்குச் சுருக்கென்றது. வேறு யாராவது சொல்லியிருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பார். குருவாயிற்றே, தகட்டைத் தேடி எடுத்தார்.

கதவுகளை விரியத் திறந்து வைத்தார். மாதையன் நின்று பெயிண்ட் கலக்குகிற மூலையில், தின்னரில் நனைத்த கோணிச்சாக்கை விரித்து ஊறவிட்டார். பிறகு முட்டி போட்டுத் தகட்டால் சுரண்டினார். முதலில் சிவப்பு சுருண்டு வந்தது. கூட்டாளியின் தோலைத் தானே உரிப்பதுபோல் இருந்தது. அழுதுகொண்டேதான் சுரண்டினார். ஆனால் அவருக்குள் ஓர் ஆசையும் இருந்தது. இருவரும் முதன்முதலில் அடித்த லாரி பச்சை. அந்தப் பச்சை எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும். அதைப் பார்த்துவிட்டால் போதும், அதற்குமேல் தகட்டை வைப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டார்.

சிவப்புக்கு அடியில் மஞ்சள் வந்தது. மஞ்சளுக்கு அடியில் நீலம். நீலத்தை எடுத்ததும் சிமெண்டு வந்துவிட்டது.

கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தார். ஈரத்துணியால் துடைத்தார். குனிந்து, தரையில் கன்னம் படுகிற அளவுக்குக் கண்ணை வைத்துத் தேடினார். ஒரு புள்ளி பச்சை இல்லை. சீமாறு பட்டுப் பட்டு வழவழப்பான சாம்பல் நிறத் தரை மட்டும் இருந்தது.

வாசலில் நிழல் தட்டியது. அம்மா வந்து நின்றிருந்தார்.

“மோசம் போயிட்டனுங்கம்மா. பச்சையக் காணோம். அவன் நின்ன இடத்துல அவன் இருந்ததுக்கு ஒண்ணுமே இல்லீங்க. வெறுந்தரைதான் இருக்குது.”

அம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வெறுந்தரையில் உள்ளங்கையை வைத்தார். ஈரம் இன்னும் காயவில்லை.

“அவர் இருந்த வரைக்கும் தினமும் சாயங்காலம் இது இப்படித்தானேண்ணா இருந்துச்சு.”