அசையாத குளவி

என் குச்சிக்கிழங்குக் காடு நாசமாப் போனதுக்கு நீங்கதான் சார் காரணம். பூச்சியைப் பத்தி அத்தனை படிச்சீங்க, முட்டாளுங்ககிட்ட எப்படிப் பேசணும்னு மட்டும் படிக்காம விட்டுட்டீங்க.

மூணு ஏக்கர் மரவள்ளியிலும் மாவுப்பூச்சி. செடிக்கு மேலே எள்ளைவிடச் சின்னதா ஏதோ பறக்குதேன்னு போனில் கேட்டேன். நீங்க சொன்னீங்க: "ஒட்டுண்ணிக் குளவியா இருக்கலாம். மாவுப்பூச்சி உடம்புக்குள்ளேயே முட்டை வச்சு அதைக் கொன்னுடும். அதுதான்னா மருந்தே வேண்டாம். இறக்கையும் இடுப்பும் தெரியற மாதிரி படம் அனுப்புங்க. நான் சொல்றவரைக்கும் ஸ்பிரேயரைக் கையாலகூடத் தொடாதீங்க."

கிழங்குக்கு விலை பேச நான் ஆத்தூர் போக வேண்டியிருந்தது. நீங்க சொன்னதை அட்சரம் பிசகாம என்னோடு பயிர் வச்ச மூணு பேரிடம் ஒப்பிச்சு, உங்க நம்பரையும் கொடுத்துட்டுப் போனேன். அத்தியப்பன், சென்னியப்பன், சென்னியப்பன் பெண்டாட்டி பாவாயி. மூணும் அறிவுக் களஞ்சியம்.

முதல் படம் எனக்கு வந்தது. அம்மிக் குழவி. கழுவித் துடைச்சு, பொட்டு வச்சு.

"குழவி இல்லடா, குளவி!" என்று போனில் கத்தினேன்.

"அதையேதானுங்கண்ணா நாங்களும் சொல்றோம்," என்றான் அத்தியப்பன். "இறக்கைதான் எங்க தேடியும் கிடைக்கலீங்க."

பறக்கிற குளவிடா என்று தொண்டை வறளச் சொன்ன பிறகு காட்டுக்குப் போனாங்க. அங்கே ஒரு பஞ்சாயத்து.

"இது ஆணா, பொண்ணா?" என்றாள் பாவாயி.

"இடுப்பைப் பார்க்கணும்ங்கறாரே. பொண்ணாத்தான் இருக்கும்," என்றான் சென்னியப்பன்.

"அப்ப இடுப்பு தெரியப் படம் எடுத்து ஊர் பேர் தெரியாத ஆம்பளைக்கு அனுப்புவியா? நாளைக்கு அதோட சனம் வந்து கேட்டா?"

ஆம்பளைங்க ரெண்டு பேரும் தலை குனிஞ்சாங்க. பாவாயி தன் கட்டை விரலால் குளவியின் மானத்தைக் காக்க, ரெண்டாவது படம் உங்களுக்கு வந்தது.

நீங்க பதில் போட்டீங்க: "விரல் தெளிவாக உள்ளது. குளவி அசையாமல் இருக்கும்போது எடுக்கவும்."

"அசையாதேன்னு மூணு தடவை சொல்லிட்டேன், கேட்க மாட்டேங்குது," என்றான் சென்னியப்பன்.

"மருந்து அடிச்சா அசையாது," என்றான் அத்தியப்பன்.

"ஸ்பிரேயரைக் கையால தொடக்கூடாதுன்னாரே?"

"துண்டைச் சுத்திக்கலாம்."

சுத்தினாங்க. மூணு ஏக்கரும் அடிச்சாங்க. சொல் தட்டாத பிள்ளைங்க.

மூணாவது படம் அற்புதம். இறக்கை விரிஞ்சு, இடுப்பு நூலாட்டம், துளி அசைவில்லை. செத்ததுக்கு ஏது கூச்சம்னு பாவாயியும் விரலை எடுத்துட்டா.

உடனே உங்க பதில்: "வாழ்த்துகள்! நல்ல குளவியேதான். தயவுசெய்து மருந்து மட்டும் அடிச்சிடாதீங்க."

மாவுப்பூச்சி தன் மெழுகைப் போர்த்திக்கிட்டு, மருந்து படாம சௌக்கியமா இருக்கு. குளவிதான் ஒண்ணுகூட இல்லை.

நாளைக்கே நீங்க புதுக் குளவி கொண்டுவந்து விட்டாகணும். இதை அவங்ககிட்டயும் சொல்லித் தொலைச்சுட்டேன். மூணு பேரும் இப்பவே அம்மியைத் தூக்கிக்கிட்டு பஸ் ஸ்டாப்பில் நிக்கிறாங்க.

சீக்கிரம் வாங்க சார், கை வலிக்குதாம்.